மூன்றரை நிமிடக் கடல் பாட்டு

எங்கள் நாட்டில் அந்தப் பாட்டைத் தெரியாதவர் கிடையாது. தொடக்கத்தில் அடி நரம்பில் நாலு தட்டு விழும். அதைக் கேட்டதும் டாக்சிக்காரர் ஸ்டியரிங்கில் தாளம் போடுவார், கல்யாண வீட்டில் கிழவர்கள்கூடத் தோளைக் குலுக்குவார்கள். பிறகு மின்சாரக் கிடார் கிழித்துக்கொண்டு வரும், டிரம்ஸ் வரும், ஷக்கீபின் கரகரத்த குரல் வரும். மூன்றரை நிமிடம் ஆனதும் எல்லாம் ஒரே வெட்டாக நின்றுவிடும். அந்த வெட்டுத்தான் பாட்டின் அழகு என்று பத்திரிகையில் எழுதினார்கள். எழுதியவன் கையில் கட்டி வர! அந்த வெட்டு என்ன செய்தது என்று அவனுக்கு என்ன தெரியும்? எங்கள் தெருவைக் கேட்டால் சொல்லும்.

அந்த நாலு தட்டும் மஹ்ஜூபின் கட்டைவிரல் போட்டது. ஸுவேரா துறைமுகத்தில் படகு கட்டும் பட்டறையில் அவனுக்கு வேலை. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் சணல் பஞ்சைத் திணித்து, உளி வைத்து அடித்து, கீல் பூசுவது. பகலெல்லாம் டொக் டொக்கென்று அடித்த கை, சாயங்காலம் கெம்ப்ரியை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளும். ஒட்டகத்தோல் போர்த்திய நீளமான மரப்பெட்டி, ஒரு கழி, மூன்று நரம்பு, அவ்வளவுதான் கெம்ப்ரி. எங்கள் பாட்டன்மார்களைப் பாலைவனத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடிமைகளாக ஓட்டிக்கொண்டு வந்தபோது கூட வந்த சொத்து அது ஒன்றுதான். மஹ்ஜூப் நன்றாக வாசிப்பான். நன்றாக என்று சொன்னால் போதாது. முப்பத்தைந்து வயதிலேயே ஊர் அவனை மாலிம், அதாவது ஆசான், என்று கூப்பிட்டது. கெம்ப்ரி வாசிக்கிற எல்லோருக்கும் அந்த மரியாதை கிடைத்துவிடாது.

எங்கள் வாசிப்பு கச்சேரி அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஆவிகள் இருக்கிறார்கள், இடத்துக்காரர்கள் என்போம். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், ஒரு புகை, ஒரு பாட்டு. அந்தப் பாட்டு கிளம்பினால் அவருக்கு உரிய ஆள் எழுந்து ஆடுவார். ஆடி முடித்து, உடம்பு தளர்ந்து, தானாகக் கீழே உட்காருகிற வரை வாசிப்பு நிற்கக் கூடாது. பத்து நிமிடமோ, ஒரு மணி நேரமோ, விரல் வீங்கினாலும் சரி. எங்கே முடிப்பது என்பதை வாசிக்கிறவன் தீர்மானிப்பதில்லை, ஆடுகிறவர் உடம்புதான் சொல்லும். பாதியில் நிறுத்தினால் எழுந்தவர் அந்தரத்தில் நிற்பார். அவர்மேல் வந்த இடத்துக்காரர் இருக்கவும் மாட்டார், போகவும் மாட்டார். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நெருப்பைத் தொடாதே என்று சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுவோம்.

மஹ்ஜூபின் மனைவி யம்னாவுக்கு உரியவர் கடல்காரர். அவளுடைய பத்தொன்பதாவது வயதில் அவள் அப்பா மீன்பிடிக்கப் போனவர் திரும்பவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு விரல்கள் மடங்கிக்கொள்ளும், சாப்பாடு இறங்காது, மாதக்கணக்கில் பேச்சே வராது. டாக்டர் கொடுத்த மாத்திரையில் தூக்கம் வந்ததே தவிர வேறொன்றும் வரவில்லை. கடைசியில் மஹ்ஜூபை அழைத்து வந்தார்கள். அவர்கள் வீட்டு முற்றத்தில் அவன் கடல் பாட்டை எடுத்தான். அவள் எழுந்தாள். நீலத் துணியைப் போர்த்திக்கொண்டு, தண்ணீர் நிரம்பிய கிண்ணத்தைத் தலையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் ஆடினாள். பிறகு உட்கார்ந்து, நாலு மாதத்தில் முதல் வார்த்தையாக, "பசிக்குது" என்றாள். மறுவருஷம் அவன் அவளைக் கட்டிக்கொண்டான்.

ஆண்டுக்கு ஒரு தடவை, ஷஃபான் மாதத்தில், அந்தப் பாட்டை அவளுக்காக முழுசாக வாசிப்பான். வாசித்துவிட்டால் ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை. ரொட்டி சுடுவாள், துணி காயப்போடும் கயிற்றுக்காகப் பக்கத்து வீட்டு ருக்கையாவோடு சண்டை போடுவாள், அன்று மாலையே அவளோடு உட்கார்ந்து தேநீர் குடிப்பாள். புருஷனை ஓயாமல் கிண்டல் பண்ணுவாள். எங்கள் தெருவில் அவள் சிரிப்புத்தான் பெரிய சிரிப்பு. பதினாலு வருஷம் அப்படித்தான் ஓடியது.

எழுபத்தொன்றில் ஷக்கீப் வந்து சேர்ந்தான். காஸாபிளாங்காவில் மருந்துக்கடை வைத்திருப்பவரின் மகன். தோள்வரை முடி, பூப்போட்ட சட்டை, முதுகில் கிடார். அவன் காதில் விழுந்து வளர்ந்ததெல்லாம் ஒரு கதம்பம். வீட்டில் அம்மா எகிப்துப் பாட்டைக் கேட்டு மூக்கைச் சிந்துவாள். அடுத்த தெருவில் கல்யாணத் தம்பட்டம் ஓயாது. அவனோ கினித்ரா முகாமிலிருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்காக ஓடிய ரேடியோவைக் காதில் ஒட்டிக்கொண்டே திரிந்தான். அதில் அந்த நாட்டுக் கறுப்பர்கள் பாடிய ப்ளூஸ் அவனைப் பைத்தியமாக்கியது. அதையே வெள்ளைக்காரப் பையன்கள் மின்சாரக் கிடாரில் அலறலாகத் திருப்பிப் பாடியது முழுப் பைத்தியமாக்கியது. மாலுமிகளிடம் ரெக்கார்டுகள் வாங்கி, ஊசி தேயத் தேயக் கேட்டுப் பழகினான். குழு வைத்தான். பாடியதெல்லாம் இங்கிலீஷ் பாட்டு. ஒரு கச்சேரியில் கூட்டத்திலிருந்து ஒருவன், "நம்ம பாஷைல ஒண்ணு எடுத்து வுடுப்பா!" என்று கத்தினானாம். ஷக்கீபிடம் ஒன்றுமில்லை. மேடையில் முழித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அந்த வெட்கத்தில்தான் எங்கள் ஊருக்கு வந்தான். அதில் நான் குற்றம் சொல்ல மாட்டேன், பையன் கெட்டவனும் இல்லை.

பட்டறை வாசலில் மஹ்ஜூப் வேலை முடிந்து வாசித்துக்கொண்டிருந்ததைக் கேட்டவன், மரத்தூளிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"மாலிம், அமெரிக்காவுல அந்த ஆளுங்க பாடறதும் இதேதான். அதே அடி சுரம், அதே இழுவை. இது அங்க எப்படிப் போச்சு?"

"எங்க ஆளுங்கள ரெண்டு பக்கமும்தானே புடிச்சிட்டுப் போனாங்க தம்பி? பாதி பேரைக் கப்பல்ல ஏத்தினாங்க, பாதி பேரை மணல்ல நடக்க வெச்சாங்க. பாட்ட மட்டும் யாராலயும் புடுங்கிக்க முடியல."

ஷக்கீப் அந்தப் பதிலைப் பிறகு நூறு பேட்டிகளில் தன் சொந்தச் சரக்காக எடுத்துவிட்டான். போகட்டும்.

இரண்டு மாதம் மஹ்ஜூபின் மொட்டை மாடியில் பாட்டுக் கட்டினார்கள். சுலபமாக வரவில்லை. கெம்ப்ரியின் சுருதி கிடாருக்கு ஒத்துவராது; தோல் வெயிலில் இறுகினால் ஒரு சுருதி, கடல் காற்றில் நனைந்தால் வேறு சுருதி. மூன்றாம் நாள் ஷக்கீப் தன் கிடாரின் கம்பிகளை எல்லாம் தளர்த்தி மஹ்ஜூபின் சுருதிக்கு இறங்கி வந்தான். அதற்கப்புறம்தான் இரண்டும் பேசின. டிரம்ஸ் அடிக்கிற லர்பி கதை வேறு. எங்கள் இரும்புச் சிப்ளாவின் நடை மூன்றும் இல்லாமல் நாலும் இல்லாமல் நடுவில் ஓடும். லர்பி விரலை மடக்கி எண்ணி எண்ணி, பாட்டு முழுக்கத் தடுக்கி விழுந்தான்.

துணி காயப்போட வந்த யம்னாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டாப்பா, கணக்கு வாத்தியார் மாதிரி எண்ணிட்டே இருக்க? என் வீட்டுக்காரன் கால் கட்டைவிரலைப் பாரு. அது எப்ப ஆடுதோ அப்ப அடி!"

லர்பி எண்ணுவதை விட்டுக் கால் கட்டைவிரலைப் பார்த்தான். தாளம் உட்கார்ந்துவிட்டது. கீழே தெருவில் போனவர்கள் நின்று மேலே பார்த்தார்கள். யம்னா ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கைகொட்டினாள். அந்த ஒரு சாயங்காலம் எல்லோருக்குமே சந்தோஷமாகத்தான் இருந்தது.

வினை அதற்கப்புறம் வந்தது. மஹ்ஜூப் சந்தைப் பாட்டைக் கொடுத்தான், அறுவடைப் பாட்டைக் கொடுத்தான். ஷக்கீப் எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்துவிட்டுக் கடல் பாட்டின் நாலு தட்டிலேயே வந்து நின்றான். அதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். வார்த்தையும் தானே கட்டினான், கரையில் நிற்கிறவள் கடலைப் பார்த்து என் ஆளைத் திருப்பிக் கொடு என்று கேட்பதாக.

யம்னா அன்று சோறும் வைக்கவில்லை, ரொட்டியும் சுடவில்லை.

"வேற எந்தப் பாட்ட வேணும்னாலும் குடு. நாப்பது பாட்டு தெரியும்ல உனக்கு? இது என்னோடதுய்யா."

"உன்னோடதுதான். யாரு இல்லேன்னா? மாடில வாசிக்கிறத அங்க போய் வாசிக்கப் போறேன். நாடே கேக்கும் யம்னா."

"நாடு கேக்கறதுக்கா அவரு வர்றாரு?"

அவனுக்கு ஆசை பிடித்துவிட்டது, வேறென்ன சொல்ல? பதினாறு வருஷம் படகு இடுக்கில் பஞ்சு அடித்தவனுக்கு, தன் விரல் சத்தம் ரேடியோவில் வரும் என்றதும் தலை நிற்கவில்லை. யம்னா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் நீலத் துணியை மடித்துப் பையில் வைத்தாள்.

"நானும் வரேன். நீ பாட்டுக்கு வாசிச்சிட்டே இருந்தா, எங்க முடிக்கணும்னு உனக்கு யாரு சொல்லுவா?"

காஸாபிளாங்காவில் ஒலிப்பதிவுக் கூடம் ஒரு நிலவறை. ரெக்கார்டு போடுகிறவர் ஸெப்தி என்று ஒருத்தர். தடித்த மூக்குக் கண்ணாடி, வாயில் எப்போதும் மிட்டாய். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். யம்னாவை ஓரமாக ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள்.

முதல் தடவை வாசித்தார்கள். கிடாரும் டிரம்ஸும் சொல்லிவைத்த இடத்தில் நின்றன. மஹ்ஜூப் நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பதினொரு நிமிடம் போனான்.

ஸெப்தி வெளியே வந்தார். "மாலிம், கல்யாண விருந்தா போடறோம்? சின்ன இசைத்தட்டு இது. மூணரை நிமிஷம், இழுத்துப் புடிச்சா நாலு. அதுக்கு மேல இடமில்ல."

"எங்க நிறுத்தறது?"

"நான் கையத் தூக்குவேன். தூக்கினா நிறுத்துங்க. அவ்ளோதான் விஷயம்."

இரண்டாம் தடவை அவர் கையைத் தூக்கினார். மஹ்ஜூப் பார்க்கவே இல்லை. ஐந்தே கால் நிமிடத்தில் ஷக்கீப் வந்து தோளைத் தொட்டு நிறுத்தினான். ஸெப்தி இந்த முறை வெளியே வரவில்லை, ஒலிபெருக்கியில் பேசினார். எல்லோர் காதிலும் விழுந்தது.

"ஷக்கீப், இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா இந்த ஆள அனுப்பிடு. நம்ம பேஸ் கிடார்ப் பையன் இருக்கான். நாலு தட்டுதானே, அவன் வாசிச்சிடுவான்."

மஹ்ஜூபின் முகம் சாம்பலாகிவிட்டது. கெம்ப்ரியின் தோலைக் கையால் தடவிச் சூடேற்றினான். யம்னா பக்கம் திரும்பவே இல்லை.

மூன்றாம் தடவை கண்ணைத் திறந்துகொண்டே வாசித்தான். நாலு தட்டு விழுந்தது. மற்ற இரண்டு தடவையும் அவள் சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். இந்த முறை, அவமானத்தில் அவன் கட்டைவிரல் நரம்பை வழக்கத்தைவிட அழுத்தி அடித்தது. அந்த அடிதான் அவளைத் தொட்டதோ என்னவோ, கிடார் அலறத் தொடங்கிய இடத்தில் எழுந்துவிட்டாள். நீலத் துணி பையிலேயே கிடந்தது. இரண்டு கையையும் மேலே தூக்கி, தலையைப் பக்கத்துக்குப் பக்கம் எறிந்து, தரையில் கிடந்த மைக் கம்பிகளுக்கு நடுவில் ஆடினாள். ஸெப்தி கையைத் தூக்கினார். கிடார் நின்றது. டிரம்ஸ் நின்றது.

மஹ்ஜூப் ஸெப்தியின் கையையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். கெம்ப்ரி ஒன்றே போதும், மற்றது எதுவும் வேண்டாம், அவன் தொடர்ந்திருக்கலாம். இசைத்தட்டு கெட்டால் கெட்டுப் போகட்டும், பேஸ் கிடார்ப் பையன் வாசித்தால் வாசித்துத் தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். அவன் நரம்பின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினான்.

கண்ணாடிக்குப் பின்னால் ஸெப்தி துள்ளிக் குதித்தார். "ஆஹா! கத்தியால வெட்டின மாதிரி! இதுக்கு மேல வேற எதுவும் வேணாம்!"

யம்னா தூக்கிய கையோடு நின்றுகொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. மூச்சு உள்ளே போனது வெளியே வரவில்லை. லர்பி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தான். மஹ்ஜூப் அவளை அணைத்துப் பிடித்து வெளியே கூட்டிப்போய், அவர்கள் வந்த வேனுக்குப் பக்கத்தில் நடைபாதையில் உட்காரவைத்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தான். அரை மணி நேரம் வாசித்தான். போகிற வருகிறவர்கள் காசு போட்டார்கள். அவள் அசையவில்லை.

"விடுய்யா" என்றாள் கடைசியில். "அவரு எங்க நிக்கிறாருன்னே தெரியல."

பாட்டு எப்படி ஓடியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டே வாரத்தில் ஹம்மாதியின் காப்பிக் கடையில், பேருந்து நிலையத்தில், மீன் ஏலம் விடுகிற இடத்தில், எங்கே பார்த்தாலும் அதுதான். நாலு தட்டு கேட்டதும் யம்னா எழுவாள். கையில் கத்தி இருந்தாலும், அடுப்பில் எண்ணெய் இருந்தாலும் எழுவாள். மூன்றரை நிமிடத்தில் வெட்டு விழும். தூக்கிய கை தூக்கியபடி நிற்கும். பிறகு அறிவிப்பாளர் சோப்பு விளம்பரம் சொல்லுவார். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. ஒரு தடவை பாதியில் விட்டாலே பாவம். அந்தப் பெண்ணை ஒரு வருஷத்தில் இரண்டாயிரம் தடவை பாதியில் விட்டார்கள்.

ஒரு காலை ரொட்டி மாவுத் தட்டோடு பொது அடுப்பு வரிசையில் நின்றிருந்தாள். அடுப்புக்காரன் டிரான்சிஸ்டரைத் திருகினான். கையிலிருந்த தட்டு நழுவி மாவு தெருவில் உருண்டது. அவள் அங்கேயே ஆடினாள், அங்கேயே நின்றாள். வெளியூர்க்காரி ஒருத்தி, "ஐயோ, என்னா ஆட்டம்! காசு குடுத்தாலும் கிடைக்காது" என்று சிரித்தாள். ருக்கையா அவளை அறையப் போய்விட்டாள்.

மஹ்ஜூப் ஹம்மாதியின் கடைக்குப் போய்க் கெஞ்சினான். "அந்தப் பாட்ட மட்டும் போடாத. உன் கால்ல விழறேன்."

"மாலிம், மத்தவன் பாட்டா போடறேன்? உங்க பாட்டுதானே! ஊருக்கே பெரும. உக்காருங்க, தேநீர் நம்ம செலவு" என்றான் ஹம்மாதி. அவன் மனதில் கள்ளம் கிடையாது. மஹ்ஜூப் தேநீரைக் குடித்தான். அவனைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. விரலைத் தொட்டுப் பார்த்தார்கள். அவன் வெட்கத்தோடு சிரித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

குழு ஊர் ஊராகக் கிளம்பியது. மஹ்ஜூபையும் கூப்பிட்டார்கள். யம்னாவை இந்த நிலையில் விட்டுப் போகலாமா? போனான். அவளுக்கு நல்ல வைத்தியம் பார்க்கப் பணம் வேண்டும் என்று எங்களிடம் சொன்னான், அது பாதி உண்மை. மீதி உண்மை கைதட்டல். ரபாத், ஃபெஸ், ஒஜ்தா, எல்லை தாண்டி அல்ஜீரியா, கடல் தாண்டி பிரான்ஸ். மூன்று வருஷம், மூன்று ஷஃபானும் அப்படியே போயின. நாளுக்கு ஒரு மேடை, சில நாள் இரண்டு. ஒவ்வொரு மேடையிலும் கடைசியில் அந்தப் பாட்டு, அந்த இடத்தில் அந்த வெட்டு, வெட்டு விழுந்ததும் கூட்டம் கொட்டகை அதிரக் கத்தும்.

ஒரு தடவை ஷக்கீபிடம் கேட்டுப் பார்த்தான். "தம்பி, ஒரே ஒரு நாள் முழுசா வாசிக்கட்டுமா? என் மனசுக்காக."

"மாலிம், அவங்க ரெக்கார்டுல கேட்டதத்தான் கேக்க வர்றாங்க. அந்த இடத்துல நிக்கலேன்னா, தப்பா வாசிக்கிறோம்னு நெனப்பாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

மஹ்ஜூப் தலையை ஆட்டினான். அதற்கப்புறம் கேட்கவும் இல்லை.

ஊரில் யம்னா காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தாள். விரல்கள் மடங்கியவை மடங்கியபடி இருந்தன. ருக்கையாதான் வாயில் கஞ்சி ஊற்றினாள். பொறுக்க மாட்டாமல் மராக்கேஷிலிருந்து ஒரு பெரிய மாலிமைக் கூட்டி வந்தாள். அந்த மனுஷர் கடல் பாட்டை ஒன்றரை மணி நேரம் வாசித்தார். யம்னா எழவில்லை. அவர் கெம்ப்ரியை உறையில் போட்டுக் கட்டினார்.

"தொறந்து வெச்ச கைதான் வந்து மூடணும்மா. நான் என்ன வாசிச்சாலும் அவர் காதுல விழாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ருக்கையாவுக்கு எழுதத் தெரியாது. தபால்காரரை உட்காரவைத்து மஹ்ஜூபுக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். அதில் இருந்த வசவுகளில் பாதியைத் தபால்காரர் எழுத மறுத்துவிட்டார். மீதியே போதுமானதாக இருந்தது. மஹ்ஜூப் பிரான்சிலிருந்து கப்பலேறி வந்தான். வாசலில் நின்று யம்னாவைப் பார்த்தான். முப்பத்தேழு வயதுக்காரி ஐம்பது போல இருந்தாள். அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

"அழுது என்ன பண்ண?" என்றாள் ருக்கையா. "போய் ஆட்ட வாங்கு, பால வாங்கு, பேரீச்சம்பழம் வாங்கு. ஷஃபானுக்கு ஒம்போது நாள் இருக்கு. இந்தத் தடவ ஒழுங்கா வாசி. இல்லேன்னா எனக்கு வாயில நல்லா வந்துரும்."

ஒன்பது நாளும் அவன் விரதமாக இருந்தான். கெம்ப்ரிக்குப் புது நரம்பு போட்டான். ஷக்கீபுக்கு இனி வர மாட்டேன் என்று தந்தி கொடுத்தான். இரும்புச் சிப்ளாவுக்கு எங்கள் தெரு ஆட்கள் நாலு பேர் சேர்ந்தோம், அதில் நானும் ஒருவன். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் முற்றத்தில் உட்கார்ந்தோம். சாம்பிராணி போட்டார்கள். பெண்கள் நிறைந்துவிட்டார்கள். ருக்கையா கதவை அடைத்து, தெருவில் எவனாவது ரேடியோ போட்டால் மண்டையை உடைப்பதாகச் சொல்லி, ஹம்மாதியையே காவலுக்கு நிறுத்தினாள்.

முறைப்படி வெள்ளைத் துணிப் பாட்டில் தொடங்கி ஒவ்வொன்றாக வந்தோம். மஹ்ஜூப் அன்று வாசித்தது போல என் ஆயுசில் நான் கேட்டதில்லை. நீலத்துக்கு முறை வந்தது. யம்னாவின் தோளில் துணியைப் போர்த்தினார்கள். நாலு தட்டு விழுந்தது. மடங்கிய விரல்கள் மெல்லப் பிரிந்ததை எல்லோரும் பார்த்தோம். அவள் எழுந்தாள். ருக்கையா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். யம்னா கையை நீட்டிக் கிண்ணத்தைக் கேட்டாள், தலையில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் ததும்பவில்லை. முகத்தில் ரத்தம் ஏறியது, உதட்டோரம் பழைய யம்னா எட்டிப் பார்த்தாள். மஹ்ஜூபின் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இதோ வந்துவிட்டார், இதோ இறங்கிவிடுவார் என்று நாங்கள் சிப்ளாவை இறுக்கிப் பிடித்து அடித்தோம்.

அப்போது நின்றது.

எவரும் கையைத் தூக்கவில்லை. கண்ணாடி இல்லை, ஸெப்தி இல்லை. மஹ்ஜூபின் உள்ளங்கை தானாகப் போய் நரம்பின் மேல் படிந்தது. மூன்று வருஷம், ஆயிரம் மேடை, கை பாட்டை அப்படித்தான் கற்றிருந்தது. அவனை மட்டும் சொல்லி என்ன? எங்கள் நாலு சிப்ளாவும் அதே நொடியில் நின்றன. ரேடியோவில் கேட்டுக் கேட்டு எங்கள் கையும் அதே இடத்தில் நின்றது. அது இன்றைக்கும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. பெண்கள் வழக்கம் போலக் குலவை இட்டார்கள். "அச்சு அசல் ரேடியோ மாதிரியே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் சந்தோஷமாகச் சொன்னது.

மஹ்ஜூப் நரம்பைப் பிய்த்துவிடுவது போல மறுபடி அடித்தான். யம்னா நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தலையிலிருந்து கிண்ணத்தைத் தானே எடுத்தாள். ஒரு சொட்டுச் சிந்தாமல் தரையில் வைத்தாள். துணியை மடித்தாள்.

"நிறுத்துய்யா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "அவரு போயிட்டாரு. இந்தத் தடவ நல்லாத் தெரிஞ்சுது."

பிறகு அடுப்படிக்குப் போய், வந்தவர்களுக்குக் கூஸ்கூஸ் பரிமாறத் தொடங்கினாள்.

அதற்கப்புறம் அவளுக்கு ஒன்றும் வரவில்லை. விரல் மடங்குவதில்லை. குணமாகிவிட்டது என்று ஊர் சொல்லுகிறது. ஹம்மாதி கடையில் பாட்டு ஓடினால் திரும்பிக்கூடப் பார்க்காமல் மீன் வாங்கிக்கொண்டு வருகிறாள். ருக்கையாவோடு கயிற்றுக்குச் சண்டை போடுவதில்லை, கயிற்றையே விட்டுக்கொடுத்துவிட்டாள். மஹ்ஜூப் பழையபடி படகுப் பட்டறைக்குப் போகிறான். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் எதிரில் உட்கார்ந்து கடல் பாட்டை வாசிக்கிறான். இப்போது அவன் கை அந்த இடத்தில் நிற்பதில்லை. பதினொரு நிமிடம், இருபது நிமிடம், ஒரு தடவை ஒரு மணி நேரம்கூடப் போனான். அவள் முழங்காலில் முறத்தை வைத்துக்கொண்டு அவரை உரிக்கிறாள். விரலில் ரத்தம் கட்டி அவனுக்கு இனி முடியாது என்று ஆனபின், நரம்பை விட்டுக் கையை எடுத்து அவள் முகத்தைப் பார்க்கிறான்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு அவள் அடுத்த அவரையை எடுக்கிறாள்.